தரங்கா பங்கு பற்றி ஒரு திருத்தம்

திருவண்ணாமலை,
12-2-2026, வியாழன்.

அன்புள்ள திருமலைக்கு,

அருணகிரி எழுதுவது. நீயும் தங்கை சரோஜாவும் ஓசூரில் உங்கள் மகள் வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் தங்கம்மாளும் இருக்கிறோம். அவளுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மற்றபடி சொல்லும்படி ஒன்றும் இல்லை.

முதலில் தகவல். தரங்கா டெலிகாம் கம்பெனி நேற்று மாலை 5.40 மணிக்குப் பங்குச் சந்தைக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியிருக்கிறது. கடன் கொடுத்த வங்கிகள் போட்ட திவால் மனு மார்ச் 6, வெள்ளிக்கிழமை தீர்ப்பாயத்தில் முதல் விசாரணைக்கு வருகிறது என்கிறது அது. பங்கின் நேற்றைய முடிவு விலை 2 ரூபாய் 5 காசு. போளூர் ரோடு தரகர் அலுவலகத்தில் வேலை செய்யும் இனியா இரண்டையும் கம்ப்யூட்டரில் காட்டினாள். நானே படித்துக் குறித்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் வந்த சங்கதி அல்ல.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஜனவரி 9ஆம் தேதிக்குப் பிறகு நீ என் போனை எடுக்கவில்லை. பதினான்கு முறை போட்டுவிட்டேன். ஒரு முறை உன் மருமகன் எடுத்து, மாமா தூங்கறாரு சார்னு சொன்னார். அப்போது பகல் பதினொரு மணி. பஸ் டிப்போவில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்த காலத்திலேயே நீ பகலில் கண் மூடியவன் அல்ல. அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் கையில் வாங்கித்தானே கிழிக்க வேண்டும்.

கணக்கை நேராக எழுதிவிடுகிறேன். 2023 மே மாதம் நீ 25,000 பங்குகளை 14 ரூபாய் 20 காசுக்கு வாங்கினாய். மூன்று லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம். உன் பணிக்கொடையில் மீதியிருந்தது முழுக்க அதுதான். அதில் சரோஜாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு என்று ஒதுக்கியிருந்ததும் அடக்கம். நேற்றைய விலைக்கு அது 51,250 ரூபாய். நான் 6,000 பங்கு 14 ரூபாய்க்கு எடுத்தேன். அளவு வேறாக இருந்தாலும் அடி ஒரே அடிதான்.

ஏன் வாங்கினோம் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். நான் மட்டும் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்று பார்க்க எழுதுகிறேன். அந்த வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு நீங்கள் இருவரும் இங்கே வந்திருந்தீர்கள். சாயங்காலம் கிரிவலம் கிளம்பினோம். ஏழரை மணிக்கு அடி அண்ணாமலை தாண்டும்போது திரும்பிப் பார்த்தால் சரோஜாவைக் காணவில்லை. அந்தக் கூட்டத்தில் நின்று தேடவும் முடியாது, நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். உன் போனில் லைன் கிடைக்கவில்லை. பக்கத்தில் வந்தவர்களிடம் வாங்கிப் பார்த்தாய், அவற்றிலும் இல்லை. என் போனில் இரண்டாவது சிம் தரங்கா. சரோஜாவின் போனிலும் மலிவாகக் கிடைக்கிறது என்று உன் மகள் அதைத்தான் போட்டுக் கொடுத்திருந்தாள். நான் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள். கால் வலிக்கிறது என்று சுக்கு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தாள்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையிலிருந்து போன் பேசுவது எவ்வளவு பெரிய காரியம் என்று மற்றவர்களைவிட எனக்குத் தெரியும். கூட்டம் எத்தனை லட்சம் என்ற ஒரு வரியைப் பத்திரிகை ஆபீசுக்குச் சொல்ல முடியாமல் செங்கம் ரோடு வரை ஓடி வந்திருக்கிறேன். அதற்கும் முந்தைய காலத்தில் செய்தியைக் கவரில் போட்டு, பழைய பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீசில் உன்னிடம் கொடுப்பேன். நீ வேலூர் பஸ் கண்டக்டரிடம் ஒப்படைப்பாய். நம் பழக்கமே அந்தக் கவரில் ஆரம்பித்ததுதான். அப்படிப்பட்ட எனக்கு, பல லட்சம் பேர் நடுவில் ஒரே ரிங்கில் கிடைத்த லைன் பெரிய சாட்சியாகப் பட்டது. இந்தக் கம்பெனி எங்கேயோ போகப்போகிறது என்று நான்தான் சொன்னேன். காபிக் கடையிலேயே சொன்னேன். நீ, சரிங்க நிருபரே, நீங்க சொன்னா சரிதான்னு சிரித்தாய். லாட்ஜ் ராஜமாணிக்கத்திடமும் மறுநாளே போய்ச் சொன்னேன்.

அது எவ்வளவு தப்பு என்று சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன். அடி அண்ணாமலையில் தரங்கா டவரைப் பார்த்துக்கொள்ளும் பிரசாத் என்ற பையனிடம், பௌர்ணமியன்று உங்கள் லைன் மட்டும் எப்படிக் கிடைக்கிறது என்று பெருமையாகக் கேட்டேன். அவன், 'மத்த கம்பெனிக்கெல்லாம் ஆள் ஜாஸ்தி சார், அதான் லைன் மாட்டிக்குது. நம்புளுதுல இருக்கறதே கம்மி. காலி ரோட்டுல வண்டி வேகமாத்தான போவும்' என்றான். வருகிற வாடிக்கையாளரைவிடப் போகிறவர்கள் அதிகம் என்றும், தனக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்றும் சொன்னான். ஜெனரேட்டருக்கு டீசல் கடனுக்கு வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தான்.

ஆளில்லாத கடையில் உடனே சாமான் கிடைப்பதைப் பார்த்து நல்ல கடை என்று முதல் போட்டிருக்கிறோம்.

இப்போது விற்கவும் வழி குறைவு. ஒரு நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்று இந்தப் பங்குக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். கடன் தவணை கட்டவில்லை என்று கம்பெனி ஜனவரி 7ஆம் தேதி ஒப்புக்கொண்டதிலிருந்து, காலையில் சந்தை திறந்ததும் விலை அந்த வரம்பில் போய் நின்றுவிடுகிறது. விற்கிறவர்கள் வரிசையில் லட்சக்கணக்கான பங்குகள், வாங்குகிறவர் இல்லை. விடிந்ததும் வரிசையில் முதலில் நின்றவனுக்குக் கொஞ்சம் போனால் உண்டு.

தரகர் அலுவலகத்தில் தினமும் காலையில் எட்டுப் பத்துப் பேர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கம்பெனியின் ஹெல்ப்லைனுக்குப் போன் போடுவார்கள், யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர், பங்குதாரர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்னு சொல்லுதுய்யா என்றார். சிரித்தார்கள். ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. அவர் நாற்பதாயிரம் பங்கு வாங்கியவர். என்னைப் பார்த்ததும், 'வாய்யா. முப்பத்தோரு வருஷம் ஊர் செய்தி போட்டியே, ஒரு நாளாவது கீழ உன் பேர் போட்டாங்களா? இப்ப எங்க எல்லார் தலையிலயும் போட்டுட்டுப் போயிட்ட' என்றார். இனியா, பெரியவரே தண்ணி குடிங்கனு அவரிடம் பாட்டிலை நீட்டினாள்.

மார்ச் 6 வரை பொறுப்பதா, கிடைத்த விலைக்கு விற்பதா என்று இனி நான் யோசனை சொல்லப்போவதில்லை. நீ கோபமாக இருப்பது நியாயம். ஒரு தடவை போனை எடுத்துத் திட்டிவிடு. திட்டுவதற்குக் கூட எடுக்க மாட்டேன் என்றால் எப்படி.

சரோஜாவின் காலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதச் சொல். தங்கம்மாள் தினமும் கேட்கிறாள். அண்ணாமலையார் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்,
அருணகிரி.


திருவண்ணாமலை,
24-2-2026, செவ்வாய்.

அன்புள்ள திருமலைக்கு,

என்னிடம் தரங்கா பங்கு ஒன்றுகூட இல்லை. சென்ற டிசம்பர் 8, திங்கட்கிழமை காலை 10.20 மணிக்கு ஆறாயிரத்தையும் 9 ரூபாய் 10 காசு விலைக்கு விற்றுவிட்டேன். ஆதாரம் தரகர் அலுவலக ரசீது. நகல் இத்துடன் இருக்கிறது.

12ஆம் தேதி எழுதிய கடிதத்தில் அடி ஒரே அடிதான் என்று எழுதியிருந்தேன். அது பொய். எனக்கு முப்பதாயிரம் போயிற்று, மீதி ஐம்பத்து நாலாயிரத்துச் சொச்சம் கைக்கு வந்துவிட்டது. டவர் பையன் பிரசாத்தைச் சமீபத்தில் பார்த்ததாகவும் எழுதியிருந்தேன். அவனைப் பார்த்தது டிசம்பர் 3, புதன்கிழமை, தீபத்தன்று மத்தியானம். மற்ற எல்லாவற்றுக்கும் தேதி போட்ட நான் அதற்கு மட்டும் போடவில்லை. நீ கவனித்தாயோ என்னவோ. எழுதும்போது எனக்குக் கை நின்றது, தெரிந்துதான் விட்டேன்.

அடுத்து நடந்தது உனக்கும் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். டிசம்பர் 10ஆம் தேதி காலையில் நீ போன் செய்தாய். சரோஜாவுக்குப் பங்குனிக்குள் ஆபரேஷன் பண்ணிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார், விற்றுவிடலாமா என்று கேட்டாய். அன்று விலை 9 ரூபாய். உனக்கு இரண்டேகால் லட்சம் வந்திருக்கும். ஆபரேஷனுக்கு அது போதும். நான் விற்று இரண்டு நாள் ஆகியிருந்தது. கொஞ்சம் பொறு, உறுதியான தகவல் வரட்டும், ஒரே ஒரு ஆள் சொன்னதை வைத்து முடிவு பண்ணக் கூடாது என்றேன். நீ, 'சரிங்க நிருபரே, நீங்க ரெண்டாவது ஆளைக் கேட்டுட்டு சொல்லுங்க, அதுவரைக்கும் நான் கை வைக்கல' என்றாய். அதில் கேலி இல்லை.

ஒரு ஆள் சொன்னதை நம்பிச் செய்தி போடாதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். முப்பத்தோரு வருஷத்தில் நான் அதை மீறியது மிகக் குறைவு. என் பங்கை விற்க எனக்குப் பிரசாத் ஒருவன் சொன்னது போதுமாக இருந்தது. உனக்கு மட்டும் இரண்டாவது ஆள் தேவைப்பட்டான். நான் அப்படி யாரையும் தேடிப் போகவும் இல்லை.

ஏன் என்று நீ கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்தேன். விற்றுவிட்டேன் என்று உன்னிடம் சொன்னால், வாங்கச் சொன்னது முட்டாள்தனம் என்று என் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். காபிக் கடையில் அத்தனை நிச்சயமாகப் பேசியவன் நான். இரண்டு மாதத்தில் விலை கொஞ்சம் ஏறினால் நீயும் விற்று வெளியே வந்துவிடுவாய், எதுவும் சொல்லாமலே இது முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நாலு வாரத்தில் ஜனவரி 7 வந்துவிட்டது. 9ஆம் தேதி நீ போன் பண்ணி, என்னய்யா இப்படி ஆயிடுச்சேனு ஒரே ஒரு வார்த்தை சொன்னபோதாவது சொல்லியிருக்கலாம். எனக்கும்தான் போச்சு என்றேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் சரோஜா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்கம்மாளுக்குப் போன் செய்தாள். என் கடிதம் வந்ததாம். நீ இரண்டு தடவை படித்தாயாம். அவனும்தான் போண்டியாயிட்டான் பாவம்னு சொன்னாயாம். ரெண்டு நாளில் போன் பண்ணப் போவதாகச் சொன்னாயாம். 'அண்ணாவை எதுவும் சொல்லாதீங்க, அவரும் நம்ம கூடத்தான விட்டாருனு நான்தான் இவருகிட்ட சொல்லிச் சொல்லி மாத்தி வச்சிருக்கேன் அண்ணி' என்று சரோஜா சொன்னாள். தங்கம்மாள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கூடவே இன்னொன்றும் சொன்னாள். மருமகன் தினமும் காலையில் விற்பனை ஆர்டர் போட்டுப் பார்க்கலாம் என்கிறாராம். நீ வேண்டாம் என்கிறாயாம். 'அருணகிரியே விக்காம வச்சிருக்கான், அவனுக்குத் தெரியாததா' என்கிறாயாம். திருமலை, நான் வைத்திருக்கவில்லை. நேற்று முடிவு விலை 1 ரூபாய் 35 காசு. 12ஆம் தேதி நான் எழுதிய பிறகு மட்டும் உனக்குப் பதினேழாயிரத்து ஐந்நூறு போயிருக்கிறது. அது முழுக்க அந்தக் கடிதத்தால் போனது.

பங்கு விற்ற பணம் வங்கிக்கு வந்தபோது குறுஞ்செய்தி தங்கம்மாளின் போனுக்குத்தான் வந்தது, அதனால் அவளுக்கு அன்றே தெரியும். நான் உன்னிடமும் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்கிறாள். 'நீங்க சொல்லிட்டிருப்பீங்க, அவருதான் பேராசைப்பட்டு வச்சிருந்தாருனு இத்தினி நாளு மனசுல திட்டிட்டிருந்தேனே' என்றாள். அப்புறம், 'அந்தப் பொண்ணு நொண்டிக்கினு நமக்காகப் பேசுது. நீங்க எழுதறீங்களா, இல்ல நான் போன்ல சொல்லட்டுமா' என்றாள். இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடப்போகிறேன்.

பேசாமல் இருந்திருந்தால் நீ இன்றோ நாளையோ எனக்குப் போன் செய்திருப்பாய். அது எனக்குத் தெரியும். நாற்பத்தாறு நாளாக அதற்குத்தான் காத்திருந்தேன்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இது யோசனை அல்ல, இனியா சொன்ன நடைமுறை. காலை ஒன்பது மணிக்கு, சந்தை திறக்கும் முன்பே, அன்றைய கீழ் வரம்பு விலையில் விற்பனை ஆர்டர் போடச் சொல். 25,000-ஐயும் மொத்தமாகப் போடு. அன்று போகாவிட்டால் மறுநாள் திரும்பப் போட வேண்டும், தானாக நிற்காது. ராஜமாணிக்கத்துக்குச் சென்ற வாரம் இப்படித்தான் ஆறாயிரம் பங்கு போயிற்று. அவரிடமும் நேற்று மத்தியானம் லாட்ஜுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். கல்லாவில் இருந்தவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, சார் இனிமே வரமாட்டாரு, நீங்க கிளம்புங்கனு சொன்னார்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு மார்ச் 16ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்றும், 9ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் ஐம்பதாயிரம் முன்பணம் கட்டினால்தான் அந்தத் தேதி நிற்கும் என்றும் சரோஜா சொன்னாள். மீதியை மருமகன் கடன் வாங்கித் தருகிறேன் என்கிறாராம், நீ ஒத்துக்கொள்ளவில்லையாம். பங்கு ஏறட்டும் என்கிறாயாம். இன்று காலை பதினொன்றரை மணிக்கு சரோஜாவின் வங்கிக் கணக்குக்கு ஐம்பத்து நாலாயிரத்து நானூறு அனுப்பியிருக்கிறேன். டிசம்பரில் எனக்கு வந்த தொகை அவ்வளவுதான். அதில் ஒரு ரூபாயும் எடுக்கவில்லை, எடுக்கக் கை வரவில்லை. இதனால் உன் நஷ்டம் ஈடாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. டிசம்பர் 10ஆம் தேதி உனக்கு வந்திருக்க வேண்டியது இரண்டேகால் லட்சம். மிச்சத்துக்கு என்ன செய்வது என்று கீழ்பென்னாத்தூர் நிலத்தின் என் பாகத்தை வைத்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சர்வே நகல் வர மார்ச் கடைசி ஆகும் என்கிறார்கள். அதற்கு முன்னால் எதையும் உறுதியாக எழுத மாட்டேன்.

மருமகனிடம் கடன் வாங்குவதைக் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொள்ளாதே. கௌரவம் பார்த்து நான் செய்த காரியம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

இன்றைய நிலவரப்படி முடிவாகாமல் இருப்பவை இரண்டு. தீர்ப்பாயத்தின் விசாரணை மார்ச் 6. முன்பணம் கட்டக் கடைசி நாள் மார்ச் 9. முதலாவதில் என்ன வந்தாலும் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தோன்றுகிறது.

சரோஜாவின் கால் நல்லபடி ஆக வேண்டும் என்று கோயிலுக்குப் போய் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். உன் பெயரையும் சொல்லலாமா என்று யோசித்தேன். குருக்கள் காத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

நீ போன் செய்ய வேண்டும் என்று இனி கேட்க மாட்டேன், பதில் எழுதவும் வேண்டாம். உனக்கு இஷ்டமில்லை என்றால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். 9ஆம் தேதி சாயங்காலம் வரை தங்கம்மாளின் போன் அவள் பக்கத்திலேயே இருக்கும். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி எதுவும் வரக் கூடாது என்று இருவரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
அருணகிரி.